யங்கோனில் கரண்ட் பில்: முன்னே கட்டுவதா, பின்னே கட்டுவதா?

யங்கோன் நகரின் மையப் பகுதியில், ஐந்தாறு மாடிக் கட்டடங்களின் முன்பக்கம் மாடிக்கு ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப் அல்லது பிளாஸ்டிக் பை, மேல்நுனியில் ஒரு சிறு மணி. பத்திரிகை போடுகிற பையன் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பான். மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் இழுத்து எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் பில்லும் அப்படித்தான் மாதாமாதம் மேலே ஏறியது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறிவர யாருக்கு மனம் வரும்?

ரங்கூன் என்று நம் பெரியவர்கள் சொன்ன ஊர்தான் இது. 1942இல் நடந்தே போனவர்கள், 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் கப்பலேறியவர்கள், 2021க்குப் பிறகு வெளியேறிய என்னைப் போன்றவர்கள் என்று மூன்று அலையாக நம் ஆட்கள் அங்கிருந்து கிளம்பியிருக்கிறோம். ஆனாலும் எல்லோரும் கிளம்பிவிடவில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கு நாம் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி வெளிச்சத்துக்காகப் போகிறது. அந்தப் பணம் எந்த வழியில் போகிறது, ஏன் அந்த வழியில் போகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

வளரும் நாடுகளில் வீடுகள் மின்சாரத்துக்கு எப்படிப் பணம் கட்ட விரும்புகின்றன என்று ஆராய்கிறவர்கள் வழக்கமாக இரண்டு முறைகளை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஒன்று, எரித்தபின் மாதம் ஒருமுறை பில் கட்டுவது. மற்றது, கைபேசிக்கு டாப்-அப் போடுவதுபோல் முன்கூட்டியே பணம் போட்டு அது தீரும்வரை எரிப்பது. எது வசதி, எது சிக்கனம் என்று கேள்வி போகும். வணிகவியல் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் கடைக்கணக்கு எழுதிய எனக்கு இது வேறு கேள்வியாகத் தெரிகிறது. யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள்? பில் பின்னால் வந்தால் மின்சாரம் கொடுப்பவர் நமக்குக் கடன் தருகிறார். மாதத்தின் முதல் நாள் எரித்த விளக்குக்கான காசை நாற்பது, ஐம்பது நாள் கழித்துத்தான் கட்டுகிறோம். முன்கூட்டியே கட்டினால் நாம் அவருக்குக் கடன் தருகிறோம். கடன் கொடுக்குமுன் எந்தக் குடும்பமும் ஒன்றை யோசிக்கும், எதிரே இருப்பவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்று.

பில்லும் அதன் படிகளும்

யங்கோனில் மின்சாரம் விநியோகிப்பது யங்கோன் மின்விநியோகக் கழகம். மண்டலேக்குத் தனிக் கழகம் உண்டு. மற்ற இடங்களை அரசின் இன்னொரு நிறுவனம் பார்க்கிறது. மூன்றும் அரசுடையவை. மாதம் ஒருமுறை மீட்டர் பார்ப்பார்கள், பில் வரும், நகராட்சிப் பகுதிக்கு ஒன்றாக இருக்கும் மின் அலுவலகத்தில் வரிசையில் நின்று கட்டுவோம். பிறகு கைபேசிப் பணப்பைகள் வந்தன. 2016இல் வேவ் மணி, 2018இல் கேபிஇஸட் பே. வீட்டிலிருந்தே கட்டலாம், அல்லது தெருமுனைக் கடையில் சின்னக் கமிஷன் கொடுத்துக் கட்டச் சொல்லலாம். என் அனுபவத்தில் வயதானவர்கள் கடைசிவரை அந்தக் கடைக்காரரைத்தான் நம்பினார்கள். முத்திரை குத்திய ஒரு காகிதம் கைக்கு வரவேண்டும்.

கட்டணம் நீண்ட காலம் மிகக் குறைவு. 2014 ஏப்ரல் முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் 35 கியாட், அடுத்த 100 யூனிட் 40, அதற்கு மேல் 50. அந்த உயர்வை 2013 இறுதியிலேயே கொண்டுவரப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்ததால் தள்ளிப்போட்டார்கள். அதற்கும் முன்பு, 2012 மே மாதம், மின்வெட்டை எதிர்த்து மண்டலேயிலும் யங்கோனில் சூலே பகோடா அருகிலும் மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். ராணுவ ஆட்சியில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய காட்சி. விலை ஏறினாலும் கோபம், வெளிச்சம் வராவிட்டாலும் கோபம். ஆனால் இரண்டும் ஒரே கோபமல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2019 ஜூலை 1இல் படிகள் அடியோடு மாறின. முதல் 30 யூனிட் 35 கியாட், 31 முதல் 50 வரை 50, 75 வரை 70, 100 வரை 90, 150 வரை 110, 200 வரை 120, அதற்கு மேல் 125. மாதம் 200 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 7,500 கியாட்டிலிருந்து 17,550 கியாட்டுக்குப் போனது. 2024 செப்டம்பரில் மறுபடி மாற்றினார்கள். 50 யூனிட் வரை 50 கியாட், 100 வரை 100, 200 வரை 150, அதற்கு மேல் 300. அதே 200 யூனிட் வீட்டுக்கு இப்போது 22,500 கியாட்.

கியாட்டில் பார்த்தால் ஏற்றம். டாலரில் பார்த்தால் கதை தலைகீழ். 2019இல் ஒரு டாலர் சுமார் 1,500 கியாட், அதாவது அந்த 17,550 கியாட் பதினொன்றரை டாலருக்கு மேல். 2024 இறுதியில் வெளிச்சந்தையில் டாலர் 4,000 கியாட்டைத் தாண்டிவிட்டது. 22,500 கியாட் என்பது ஆறு டாலருக்கும் குறைவு. வெளிநாட்டிலிருந்து பார்க்கிற நமக்கு "இவ்வளவுதானா!" என்று தோன்றும். கியாட்டில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஒரே மீட்டர், நாலு அடுப்பு

படிக்கட்டுக் கட்டணத்தின் நோக்கம் ஏழைகளைக் காப்பது. குறைவாக எரிப்பவருக்குக் குறைந்த விலை. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கொடுப்பதும் அதே எண்ணம்தான். ஆனால் இந்தக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. குடும்பத்துக்கு ஒரு மீட்டர் இருக்கிறது என்பதே அது.

யங்கோனின் ஓரத்தில், லைங்தாயா போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் வரிசை அறைகளில் தங்குகிறார்கள். நிலப்பத்திரம் இல்லாத குடிசைகளும் ஏராளம். பத்திரம் இல்லாவிட்டால் சொந்த மீட்டர் கிடைப்பது கடினம். அதனால் மீட்டர் உள்ள பக்கத்து வீட்டிலிருந்தோ அறையின் சொந்தக்காரரிடமிருந்தோ கம்பி இழுத்துக்கொள்வார்கள். யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை.

அந்தச் சொந்தக்காரர் நல்லவர், ஒரு கியாட்கூட லாபம் வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாலு குடும்பம், குடும்பத்துக்கு மாதம் 70 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் 2019 கட்டணப்படி ஒவ்வொருவருக்கும் 3,450 கியாட், நாலு பேருக்கும் சேர்த்து 13,800. ஒரே மீட்டரில் 280 யூனிட் ஓடினால் பில் 27,550. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2024 கட்டணத்தில் போட்டுப் பாருங்கள். தனித்தனியாக 18,000, சேர்ந்தால் 46,500. இரண்டரை மடங்குக்கு மேல். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் மிக ஏழையான வீடுதான் பணக்கார வீட்டின் விலையைக் கட்டுகிறது. கூட்டுக் குடும்பமாக ஒரே கூரையில் இரண்டு தலைமுறை வாழும் நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். மகனுக்குக் கல்யாணமானதும் இரண்டாவது மீட்டருக்கு மனுப்போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இப்படிக் கம்பி இழுத்து வாழும் குடும்பங்கள் மாத பில்லையா முன்பணத்தையா விரும்புகிறார்கள் என்று கேட்பதில் பொருளில்லை. வாரச் சம்பளத்துக்காரர் வாரத்துக்கு வாரம் கொடுக்கிறார். அறைச் சொந்தக்காரர் சில நாள் பொறுக்கிறார். அந்தச் சில நாள் பொறுமைக்கும் சேர்த்துத்தான் விலை.

கட்டாமல் இருப்பதும் ஒரு முறை

2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, வீடுகளுக்கு மாதம் 150 யூனிட் இலவசம் என்று அன்றைய அரசு அறிவித்துப் பிறகு நீட்டித்தது. அன்றைய படிகளில் 150 யூனிட்டின் மதிப்பு 11,550 கியாட். கூலி இல்லாத மாதங்களில் அது அரிசிக்காசு.

2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆசிரியர், மருத்துவர், வங்கி ஊழியர், மின்சார ஊழியர் என்று அரசு வேலைக்காரர்கள் பலர் வேலைக்குப் போக மறுத்தார்கள். இரவு எட்டு மணிக்குச் சட்டி பானைகளைத் தட்டினோம். பிறகு ஒரு பேச்சு தெருத்தெருவாகப் பரவியது, கரண்ட் பில் கட்டக்கூடாது. ராணுவ அரசுக்குப் போகும் வருமானத்தைச் சாதாரண ஆள் நிறுத்துவதற்கு இருந்த நேரடியான வழி அது. கடைக்காரர் வரி கட்டாமல் இருக்கலாம். வரியே கட்டாத குடும்பத்தலைவிக்கு மாதாமாதம் அரசோடு இருந்த ஒரே கொடுக்கல் வாங்கல் இந்த பில்தான்.

இது எப்படி முடிந்தது? மின்சாரம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து எரிந்துவிட்டது. கடன் கொடுத்தவர் அரசு, கடன்பட்டவர் மக்கள். முன்பணம் போட்டால்தான் எரியும் என்ற மீட்டர் இருந்திருந்தால் இந்தப் புறக்கணிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. ஒவ்வொரு வீடும் தன் இருட்டிலேயே தனித்தனியாகத் தோற்றிருக்கும். பில் பின்னால் வரும் முறை மக்களுக்குக் கொடுத்திருந்த அந்த ஒரு மாதக் கடன்தான் அவர்கள் கையில் இருந்த பிடி. யாரும் அதை அப்படிக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. என் கண்ணுக்கு அப்படிப் பட்டது.

பல பகுதிகளில் மாதக்கணக்கில் மீட்டர் பார்க்க ஆளே வரவில்லை. பிறகு வந்தார்கள், சில இடங்களில் துப்பாக்கியோடு ராணுவத்தினரும் கூட வந்தார்கள். கட்டாவிட்டால் கம்பியை வெட்டுவோம், மீட்டரைக் கழற்றுவோம் என்றார்கள், செய்தும் காட்டினார்கள். இன்னொரு பக்கம் மின் அலுவலகங்களில் குண்டுகள் வெடித்தன. கட்டப் போகிறவருக்கும் பயம், கட்டாதவருக்கும் பயம். ஆறேழு மாத நிலுவையை ஒரே தவணையில் கட்டச் சொன்னபோது நகை அடகுக்குப் போன வீடுகள் உண்டு. நான் இதில் யாரையும் குறை சொல்லமாட்டேன். குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் வைத்திருக்கும் வீடும் இளைஞர்கள் மட்டும் இருக்கும் வீடும் ஒரே முடிவை எடுக்கமுடியாது.

அந்த ஆண்டில் நான் கண்ட விசித்திரமான கணக்கு ஒன்று உண்டு. வங்கிகளில் நோட்டுத் தட்டுப்பாடு. ஏடிஎம் வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசை. கைபேசிப் பணப்பையில் லட்சம் கியாட் இருந்தாலும் அதை நோட்டாக மாற்றத் தரகருக்கு நூற்றுக்கு ஐந்து, பத்து என்று, சில வாரங்களில் அதற்கு மேலும் கொடுக்கவேண்டியிருந்தது. ஆக, கைபேசியிலுள்ள ஒரு கியாட் காகித ஒரு கியாட்டைவிட மலிவு! மின்கழகம் மட்டும் இரண்டையும் சமமாக ஏற்றுக்கொண்டது. கைபேசி வழியாக பில் கட்டியவர் தரகர் கமிஷனை மிச்சம் பிடித்தார். ஆனால் அதிலும் சிக்கல். பணப்பைக் கணக்கு உண்மையான பெயர், அடையாள அட்டை எண்ணோடு இருக்கும். போராட்டத்துக்குப் பணம் அனுப்பியதாகச் சந்தேகப்பட்டுக் கணக்குகளை முடக்கத் தொடங்கியபின், கைபேசியில் எதைக் கட்டுவதற்கும் பலர் தயங்கினார்கள். வசதியான முறை எது என்று மட்டும் கேட்டு எழுதப்படும் ஆய்வுகளில் இந்தத் தயக்கத்துக்கு எந்தக் கட்டமும் இருக்காது.

"மீ லா ப்யி!"

பர்மிய மொழியில் நெருப்புக்கும் மின்சாரத்துக்கும் ஒரே சொல், மீ. கரண்ட் வந்ததும் தெருவே "மீ லா ப்யி!" என்று கத்தும். மீ வந்துவிட்டது என்று பொருள். பிள்ளைகள் கத்துவார்கள், பெரியவர்களும் கத்துவார்கள்.

2022 மார்ச்சிலிருந்து யங்கோனில் முறைவைத்து வெட்டுவது வழக்கமானது. பகுதிகளைக் குழுக்களாகப் பிரித்து இந்த நேரம் உனக்கு, அந்த நேரம் அவனுக்கு என்று பட்டியல். 2024 கோடையில் நாளுக்கு எட்டு மணி நேரம்தான் என்று ஆனது. அந்த எட்டும் முழுதாக வராத நாட்கள் உண்டு. காரணங்கள் பல. தன்லின், தாக்கேத்தா ஆகிய இடங்களில் 2020இல் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்து ஓடத் தொடங்கிய நிலையங்கள் 2021இலேயே நின்றன. அந்த வாயுவுக்கு டாலர் வேண்டும், பில் வருவது கியாட்டில். கியாட் சரிந்தது, உலகச் சந்தையில் வாயு விலை ஏறியது. உள்நாட்டு வயல்களில் வாயு குறைந்து வருகிறது. போரில் மின்கம்பி கோபுரங்களும் விழுந்தன.

வீட்டில் இதன் பொருள் என்ன? கரண்ட் இரவு இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழவேண்டும். மோட்டார் போட்டு மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, அரிசிக் குக்கரைப் போட்டு, பேட்டரியைச் சார்ஜில் மாட்டி, துணியை இஸ்திரி போட்டுவிட்டுப் படுக்கவேண்டும். ஒரே நேரத்தில் கட்டடம் முழுதும் மோட்டார் ஓடும். மின்னழுத்தம் குறைந்து எவருடைய மோட்டாரோ எரியும். அதன் பழுது காசு பில்லில் வராது, ஆனால் அதுவும் மின்சாரச் செலவுதான்.

இப்போது யூனிட் விலையை எடுத்துக்கொள்வோம். மாதம் 90 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 2024 கட்டணத்தில் 6,500 கியாட், சராசரி யூனிட்டுக்கு 72. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய இரண்டு யூனிட் தரும். லிட்டர் 2,500 கியாட் என்று வைத்தால் எண்ணெய்க் காசு மட்டும் யூனிட்டுக்கு 1,250. அரசு விலையைப்போல் பதினேழு மடங்கு. புகை, சத்தம், இயந்திரத்தின் தேய்மானம் தனி. அடுத்தது இன்வெர்ட்டர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும். பாதி என்றால் ஒரு தடவைக்கு 0.6 யூனிட். ஐந்நூறு தடவை தாங்கினால் வாழ்நாளில் 300 யூனிட். மூன்று லட்சம் கியாட்டுக்கு வாங்கியிருந்தால், ஏற்றிய கரண்ட்டின் காசு சேர்க்காமலே யூனிட்டுக்கு 1,000 கியாட். கடைகளுக்குப் பேரேடு எழுதும்போது பேட்டரியைச் சொத்து என்று காட்டுவோம். வீட்டில் அது முன்கூட்டியே வாங்கி வைத்த வெளிச்சம், அவ்வளவே.

இத்தனை மடங்கு விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். 100 கியாட் யூனிட்டுக்கு முணுமுணுக்கிற அதே ஆள் 1,000 கியாட் யூனிட்டை வரிசையில் நின்று வாங்குகிறார். இரண்டு கோபமும் ஒன்றல்ல என்று சொன்னேனே, அது இதுதான். விலை ஏறினால் வரும் கோபம் பேரம் பேசும் கோபம். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் வருவது ஏமாந்தவரின் கோபம். ஏமாந்தவர் அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போகமாட்டார், விலை குறைவாக இருந்தாலும்.

பர்மாவின் கிராமங்களில் இது பழைய பாடம். அரசு மின்சாரம் நாட்டின் பாதி வீடுகளை எட்டியதே 2019 டிசம்பரில்தான். அதுவரை ஊரில் ஒருவர் டீசல் ஜெனரேட்டர் வைத்து, அந்தி மயங்கியபின் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவார். மீட்டர் கிடையாது. குழல் விளக்குக்கு இவ்வளவு, தொலைக்காட்சிக்கு இவ்வளவு. எட்டு மணிக்கு நாடகம் பார்க்கலாம் என்றால் பார்க்கலாம். அதற்காகத்தான் காசு. வறண்ட மத்திய மாவட்டங்களில் பின்னர் தனியார் சிறு சூரிய மின்நிலையங்கள் முன்கட்டண மீட்டரோடு வந்தபோது, அரசு விலையைப்போல் பல மடங்கு கொடுத்து மக்கள் சேர்ந்தார்கள். அரசுக் கம்பிக்காகவும் கிராமங்கள் முன்பணம் கட்டியதுண்டு. "தன்முயற்சி" என்ற பெயரில் கம்பம், கம்பி, மின்மாற்றி எல்லாவற்றுக்கும் ஊரே வசூலித்துக் கொடுத்து, கடைசியில் அதை அரசுத் துறையிடமே ஒப்படைக்கவேண்டும். சொந்தக் காசில் கடை கட்டிக் கொடுத்துவிட்டு அதே கடையில் மாதாமாதம் சாமான் வாங்குவது போல.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நீங்கள். மண்ணெண்ணெய் தடையால் பல மடங்கு விலை ஏறியும் அதைப் போத்தல் கணக்கில் வாங்கினீர்கள். காசு கொடுத்த உடனே கையில் இருந்தது அது.

லண்டன் கடையில் ஒரு சாவி

முன்கட்டண மீட்டரை ஏழை நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. லண்டனில் நம்மவர் நடத்தும் பல மூலைக்கடைகளில் மஞ்சள் நிற பேபாயிண்ட் பலகை தொங்கும். மின்சாரச் சாவியையோ கேஸ் அட்டையையோ கொண்டுவந்து ஐந்து பவுண், பத்துப் பவுண் போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கல்லாவுக்குப் பின்னால் நின்ற எவருக்கும் தெரியும். சம்பள நாளில் இருபது, மாதக் கடைசியில் ஐந்து. பிரிட்டனில் ஏறக்குறைய நாற்பது லட்சம் வீடுகள் இந்த முறையில் இருந்தன. கடன்பட்ட வீடுகளுக்குள் நீதிமன்ற ஆணையோடு புகுந்து இந்த மீட்டரைக் கட்டாயமாகப் பொருத்துவது 2023 பிப்ரவரியில் பெரிய செய்தியாகி, ஒழுங்குமுறை ஆணையம் அதை நிறுத்திவைக்கச் சொன்னது.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் பழையது. தொண்ணூறுகளில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கு மின்சாரம் போனபோதே முன்கட்டண மீட்டராகத்தான் போனது. கடையில் காசு கொடுத்தால் இருபது இலக்க எண் தருவார்கள், அதை மீட்டரில் அடிக்கவேண்டும். கேப் டவுன் நகரில் மாத பில் மீட்டரைக் கழற்றி முன்கட்டண மீட்டர் வைத்த வீடுகளைக் கெல்சி ஜாக், கிராண்ட் ஸ்மித் என்ற இரு பொருளியலாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. வீடுகள் எரிப்பது சுமார் 14 சதவீதம் குறைந்தது. விற்பனை குறைந்தாலும் நகராட்சிக்கு நஷ்டமில்லை, ஏனென்றால் காசு முன்னாலேயே வந்தது, வராக்கடன் குறைந்தது. ஏழை வீடுகள் சிறு தொகையாக அடிக்கடி வாங்கின.

இந்த 14 சதவீதத்தில் சிக்கனம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு? யாரும் தேவையில்லாமல் எரித்த விளக்கை அணைத்தால் அது சிக்கனம். காசு தீர்ந்து இரண்டு நாள் குளிர்பெட்டி ஓடாவிட்டால் அது இருட்டு. கணக்கில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் வரும். மாத பில்லில் ஒரு வீட்டின் இணைப்பைத் துண்டிக்க ஆள் அனுப்பவேண்டும், காகிதம் எழுதவேண்டும், பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள். முன்கட்டண மீட்டரில் வீடு தன்னைத்தானே துண்டித்துக்கொள்கிறது. ஒரு பதிவேட்டிலும் ஏறாது.

ஆனாலும் இந்த முறையை விரும்பிக் கேட்கும் வீடுகள் உண்டு, அதையும் சொல்லவேண்டும். கூலிக்காரருக்கு மாதக் கடைசியில் ஒரே தொகையாக வரும் பில் பயங்கரம். கைச்செலவுபோல் நாளுக்கு இவ்வளவு என்று தெரிந்தால் நிம்மதி. பில் தப்பாக வந்துவிட்டதென்று அலுவலகத்தில் கெஞ்சவேண்டாம். ஒரே வீட்டில் மூன்று வாடகைக்காரர் இருந்தால் சண்டை குறையும். யங்கோனிலும் இந்த மீட்டர் பற்றிய பேச்சு அவ்வப்போது எழுந்ததுண்டு. லைங்தாயாவில் கம்பி இழுத்து வாழும் பெண்ணுக்குச் சொந்தப் பெயரில் முன்கட்டண மீட்டர் கொடுத்தால், குறைந்த படியின் விலை அவளுக்குக் கிடைத்தால், அவள் மகிழ்ச்சியோடு முன்பணம் போடுவாள் என்றே நினைக்கிறேன். போட்ட பணத்துக்கு இரவு ஏழு மணிக்கு வெளிச்சம் வருமா என்பதுதான் கேள்வி. எட்டு மணி நேரக் கரண்ட் உள்ள ஊரில் அதற்கு யார் உத்தரவாதம்?

அனுப்புகிறவர்கள் கேட்டுக்கொள்ளவேண்டியவை

பணம் அனுப்பும் குடும்பங்கள் பில் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, அதிலிருந்து எத்தனை அடுப்புக்குக் கம்பி போகிறது என்றும் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டரை மடங்கு உங்கள் பணத்தில்தான் போகிறது. தனி மீட்டர் வாங்க வழியிருந்தால் ஒரு தடவைச் செலவு சில வருடத்தில் திரும்பும்.

வீடு பூட்டிக் கிடந்தால் பில்லைப் பற்றி மறந்துவிடாதீர்கள். நிலுவை நீண்டால் மீட்டர் போய்விடும். மறுபடி வாங்க அலைச்சலும் செலவும், பழைய பெயரில் இருந்தால் கேள்விகளும் வரும். நம்பிக்கையான ஒருவர் மாதம் ஒருமுறை போய் எண்ணைப் பார்த்துக் கட்டிவிட்டு ரசீதை வைத்திருப்பது நல்லது.

பேட்டரிக்கு அனுப்புவதானால் எந்த வகை என்று கேட்டு அனுப்புங்கள். ஈய பேட்டரி மலிவு, சீக்கிரம் முடியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை முதலில் விலை கூட, ஆனால் சில ஆயிரம் தடவை தாங்கும், முக்கால் பங்குக்கு மேல் இறக்கலாம். வாழ்நாள் யூனிட்டால் வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் மலிவு. மொட்டைமாடியில் இடம் இருந்தால் ஒரு சூரியத் தகடு. அடுக்குமாடியில் அந்த மொட்டைமாடி யாருடையது என்ற தகராறு வரும், முன்னமே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் அனுப்பும் செய்தியில் "பேட்டரிக்கு", "பில்லுக்கு" என்றெல்லாம் எழுதவேண்டாம். எதுவும் எழுதாமல் இருப்பது அங்கே இருப்பவருக்குப் பாதுகாப்பு.

என் அக்கா இன்னும் அந்த நாலாவது மாடியில்தான் இருக்கிறாள். கரண்ட் பில்லுக்கு மாதாமாதம் அனுப்புகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பில்லை நான் பார்த்துக்கிறேன் தம்பி, அது என்ன பெரிய காசா" என்றே சொல்லி வந்தாள். போன வருடம் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "பேட்டரிக்கு மட்டும் மொத்தமா ஒரு தடவை அனுப்பு. சிறுகச் சிறுகச் சேர்த்தா சேர மாட்டேங்குது, அரிசிக்குப் போயிடுது." அனுப்பினேன். இப்போது இரவு இரண்டு மணிக்கு எழுவது தண்ணீர் மோட்டாருக்காக மட்டும். மோட்டாரை இழுக்க அந்த பேட்டரிக்குச் சக்தி போதாது.